முதல் வார்த்தை துக்கக்காரிக்கு

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்களே. இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவோரம் உட்கார்ந்தால் சொல்லில் பாதியைக் காற்று தின்றுவிடும். எருசலேமில், எங்கள் யூதத் தெரு முற்றத்தில், ஆறு நாள் வாயைத் திறக்காமலே ஊர் வாயைக் கட்டிப்போட்ட ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். இனிப்பான கதை இல்லை, கோபக்காரக் கதை. கோபத்தைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். அதுவும் நெருப்புதான், நெருப்பில்லாத வீட்டில் ரொட்டி ஏது?

சரீனாவை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பியபோது வியாழக்கிழமை வெயில் இன்னும் சுவரில் இருந்தது. எங்கள் ஊரில் பிணத்தைக் காத்திருக்க வைக்கமாட்டோம். காலையில் மருத்துவமனையில் மூச்சு நின்றது, மாலைக்குள் மண். சரீனாவின் அம்மா பஹியா தரையில் போட்ட மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் துக்க வழக்கப்படி காலில் செருப்பு இல்லை, சட்டை வலப்பக்கம் கழுத்திலிருந்து கிழிந்திருந்தது. நிலைக்கண்ணாடியின் மேல் விரிப்பைப் போட்டு மூடியாகிவிட்டது. துக்க வீட்டின் முதல் சாப்பாடு அக்கம்பக்கத்தார் கையால்தான் வரவேண்டும். முட்டைக்கு ரேஷன் இருந்த காலம். வீட்டுக்கு ஒன்றாக நான்கு வீட்டு முட்டைகள் ஒரே தட்டில் வந்திருந்தன, பக்கத்தில் ஒரு கிண்ணம் பருப்பு. பருப்பு உருண்டையானது, அதற்கு வாய் கிடையாது. துக்கக்காரருக்கும் வாய் கிடையாது என்பார்கள் எங்கள் பெரியவர்கள்.

ஹக்காம் யோம்தோவ் வந்து அவளுக்கு எதிரே தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்தார். எங்கள் தெருவுக்கு வேதம் சொல்பவர், தீர்ப்புச் சொல்பவர், வெள்ளைத் தாடிக்காரர், நல்ல மனிதர். நல்ல மனிதர் என்று நான் சொல்வதைப் பஹியா கேட்டால் பல்லைக் கடிப்பாள். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மை. அவருடைய உதடுகள் பேசத் தயாராகக் குவிந்திருந்தன. பஹியா அந்த உதடுகளையே பார்த்தாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்கு ஒரு சொல் தப்பாமல் தெரியும். ஓய்வுநாள் பிற்பகல்களில் பெண்களுக்கு அவர் சொல்லும் பாடத்தை இருபது வருடம் கேட்டவள். "துணி தொவைக்கிறவளக் கேளுங்க, ராஜாவோட அங்கிக்குத்தான் அடி ஜாஸ்தி. ஆண்டவனுக்கு யார்மேல ஆசை ஜாஸ்தியோ அவங்களத்தான் கல்லுல அடிக்கிறார். வலி வந்தா ஏன்னு கேக்காதீங்க. அன்போட கைநீட்டி வாங்கிக்கங்க." பஹியா சலவைக்காரி. பாடத்தில் தன் தொழில் வந்ததில் அப்போதெல்லாம் அவளுக்குப் பெருமை. பக்கத்தில் இருப்பவளை முழங்கையால் இடிப்பாள்.

உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சட்டம் அவளுக்கு நினைவு வந்தது. துக்கக்காரர் வாய் திறக்கும்வரை, ஆறுதல் சொல்ல வந்தவர் வாய் திறக்கக் கூடாது. எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். யாரும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. துக்கக்காரர் "பாத்தீங்களா என் கதிய" என்று ஒரு வார்த்தை சொல்வார், அவ்வளவுதான், மடை திறந்துகொள்ளும். பஹியா அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. முட்டையை உப்பில்லாமல் தின்றாள். ஹக்காமை நேருக்கு நேர் பார்த்தாள். கால்மணி நேரம் கழித்துத் தலையை ஒருமுறை அசைத்தாள். துக்கக்காரர் தலையசைத்துவிட்டால் வந்தவர் எழுந்துவிட வேண்டும், அதுவும் சட்டம்தான். சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஹக்காம் எழுந்தார். சொல்லாத சொற்களை வாய் நிறைய வைத்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனதைப் பார்த்தபோது, அந்த நாளில் முதன்முறையாகப் பஹியாவுக்கு மூச்சு சீராக வந்தது.

ஆனால் அவள் வாயை மூடியது அவருக்காக மட்டும் இல்லை. இதை உங்களிடம் மறைக்கமாட்டேன். அந்த வீட்டில் அப்போது யாருக்கும் தெரியாதது இது. போன செவ்வாய்க்கிழமை, படைப்பில் ஆண்டவன் இரண்டு தரம் 'நல்லது' என்று சொன்னதால் எங்களுக்குச் செவ்வாய் இரட்டை நல்ல நாள், சரீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தாள். கல்யாணமாகிப் பதினான்கு மாதம். பஹியாவுக்கு மனதுக்குள் பாட்டே கிளம்பிவிட்டது. "நல்ல வலிடி, நல்ல வலி. வெளிய சொல்லிக் கண்ணு பட வைக்காத," என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். சரீனாவின் கணவன் சலீம், "டாக்டரக் கூட்டிட்டு வரேன் அத்தை," என்றபோது, "ஆம்பளைக்கு இதப்பத்தி என்னப்பா தெரியும்," என்று சிரித்து அனுப்பிவிட்டாள். புதன்கிழமை சரீனா சுவரைப் பார்த்துப் படுத்து முனகினாள். பஹியா அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "லதீஃபா அக்காவப் பாரு. முப்பது வருஷமா கைகால் முறுக்கிக் கெடக்குறா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்த வாயிலேர்ந்து முனகல் வந்திருக்கா? அன்போட வாங்கிக்கடி. அப்படி வாங்கிக்கிட்டா வலியே தேனாயிடும்."

லதீஃபா ஹக்காமின் மனைவி. பாடத்தில் அவர் அடிக்கடி காட்டும் உதாரணம். சரீனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதன்பின் அவள் முனகவில்லை. அம்மா சொல்லைத் தட்டாத பெண். வியாழக்கிழமை காலை மருத்துவமனையில் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே, குடல்வால் வெடித்து வயிறு முழுக்க விஷம் பரவிவிட்டது என்றார். பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில், "செவ்வாய்க்கிழமையே வந்திருக்கலாமேம்மா," என்றார். பஹியா வாயைத் திறந்தால் முதலில் வெளியே வருவது அந்தச் செவ்வாய்க்கிழமையாகத்தான் இருக்கும். அதனால்தான் பல்லைக் கிட்டித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், விரலைப் பார்த்தார்கள், எழுந்து போனார்கள். சனிக்கிழமை ஓய்வுநாள், அன்று துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. பஹியா கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை செய்தி சந்தைவரை போய்விட்டது. முன்னறையில் சலீமும் ஆண்களும், உள்ளறையில் பஹியாவும் பெண்களும். முன்னறையில் பேச்சு நடந்தது. உள்ளறையில் பன்னிரண்டு பெண்கள் ஊமையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டு ஃபொர்ட்டூனாவால்தான் தாங்க முடியவில்லை. பிறந்ததிலிருந்து அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. முற்றத்துப் பூனை உள்ளே வந்ததும் அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏ பூன, ஒனக்குக் காப்பி வேணுமா, தண்ணி வேணுமா? வாயிருக்கிற ஜீவன்னா பதில் சொல்லணும் இல்ல?"

பூனை பதில் சொன்னது. பஹியா சொல்லவில்லை. தலையை அசைத்தாள், பன்னிரண்டு பேரும் எழுந்தார்கள்.

முற்றத்து மழைநீர்க் கிணற்றடிக்கு வந்ததும் அடைத்து வைத்திருந்ததெல்லாம் கொட்டியது.

"ஹக்காமுக்கே வாய்ப்பூட்டு போட்டுட்டாளேடி!"

"துக்கம் தலைக்கேறிப் போச்சு, பாவம்."

"துக்கமா? திமிரு. ஆண்டவன் தீர்ப்ப ஏத்துக்காத திமிரு."

"எங்க வீட்டு ஆளுக்கும் இப்படி ஒரு சட்டம் போட வழி இருக்கான்னு ஹக்காமக் கேளேன்."

"அவரோட அம்மா செத்தாக்கூட துக்கக்காரர் அவருதான்டி, மொத வார்த்த அவருக்குத்தான். ஒனக்கு விமோசனமே இல்ல."

மாடி ஜன்னலில் இதெல்லாம் பஹியாவுக்குக் கேட்டது. திமிர் என்ற சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. உட்கார்ந்த இடத்தில் அவள் உள்ளே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் மற்றவர் அழுக்கைக் கசக்கிய கைகளைப் பார்த்துப் பேசினாள். மேலே இருப்பவரிடமும் பேசினாள், ஆனால் வாய்க்குள். நீயும் துக்கம் கேட்க வந்தவன்தானே? அப்படியென்றால் உனக்கும் இதே சட்டம்தான். எதிரே வந்து உட்கார். நான் வாய் திறக்கிறவரைக்கும் நீயும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. தீர்ப்பு, கருணை, மறுமை, ஒன்றும் சொல்லக் கூடாது. உட்கார்ந்து பார். திங்கட்கிழமை ஹக்காம் வந்து ஒரு தரம் இருமினார். இருமல் பேச்சில் சேராது என்று நினைத்திருப்பார். பஹியா தலையை அசைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், ஆறாம் நாள், லதீஃபா வந்தாள். சந்தையில் மூட்டை தூக்கும் குர்திஸ்தான்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். அவள் வீட்டைவிட்டு வெளியே வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. முன்னறையில் உட்கார்ந்திருந்த ஹக்காம் பதறி எழுந்தார். "லதீஃபா, நீ எதுக்கு இங்க?" அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளறைக்கு என்று தாடையால் காட்டினாள். பெண்கள் ஒதுங்கினார்கள். பஹியாவின் மெத்தைக்கு எதிரே நாற்காலியை வைத்துவிட்டு மூட்டைக்காரர்கள் நிமிர்ந்தபோது, லதீஃபா கீழே பார்த்துத் தரையைக் காட்டினாள். அந்த முட்டிகள் தரைவரை மடங்கி எத்தனையோ காலம். அவர்கள் தயங்கினார்கள். அவள் மறுபடியும் காட்டினாள்.

இறக்கினார்கள். பாதி வழியில் அந்தச் சத்தம் வந்தது. முதலில் எங்கிருந்து வருகிறது என்றே யாருக்கும் புரியவில்லை. கிணற்று ராட்டினமோ என்று ஒருத்தி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு லதீஃபாவின் திறந்த வாயைப் பார்த்தார்கள். அவள் அதை அடக்கவில்லை. மூட்டுக்கு மூட்டு, விரலுக்கு விரல், அந்தச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. அதில் வார்த்தை எதுவும் இல்லை. சட்டம் மீறப்படவில்லை. முப்பது வருடம் முனகாத வாய் என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்த வாய், உதைபட்ட கழுதையைப் போலக் கதறியது. ஃபொர்ட்டூனா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தச் சத்தம் போன புதன்கிழம எங்கடி போச்சு?"

பேசியது பஹியா. ஆறு நாள் காய்ந்த தொண்டை. குரல் கிழிந்து வந்தது. தன்னைவிட மூத்தவளை, ஹக்காமின் மனைவியை, டி போட்டுக் கூப்பிட்டது அங்கிருந்த எல்லோர் காதிலும் விழுந்தது.

லதீஃபா சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "தலகாணிக்குள்ள போச்சு," என்றாள். "முப்பது வருஷமா தலகாணிக்குள்ளதான் போகுது."

"எனக்குக் கேக்கலயே! என் பொண்ணுக்குக் கேக்கலயே! ஒன்னக் காட்டித்தான் அவ வாய மூடுனேன். லதீஃபாவப் பாரு, லதீஃபாவப் பாருன்னு. வெந்நி வச்சுக் குடுத்தேன், தேனாயிடும்னு சொன்னேன். செவ்வாயும் நான்தான், புதனும் நான்தான். டாக்டரக் கூட்டிட்டு வரேன்னு நின்ன புள்ளையச் சிரிச்சு அனுப்புனதும் நான்தான்!"

வெளியே வந்துவிட்டது. முன்னறைப் பேச்சு நின்றது. சலீம் எழுந்து நடுக்கதவுக்கு வந்தான். பஹியாவுக்கு அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை, ஆனாலும் பார்த்தாள். ஆறு நாள் தாடி, அதற்குள் ஒரு குழந்தை முகம்.

"நீங்க சிரிச்சீங்க அத்தை," என்றான். "நானும் கூடச் சிரிச்சேன். சிரிச்சுட்டு வேலைக்குப் போனேன்." கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

லதீஃபா பஹியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் சத்தமே போடலன்னு ஃபொர்ட்டூனா வந்து சொன்னா. பெருமையாச் சொன்னா. யார் பேரச் சொல்லி அவ வாய அடச்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? இந்தத் தெருவுல எந்தப் பொம்பளைக்கு வலி வந்தாலும் என் பேரத்தானே மருந்தாக் குடுக்குறீங்க. அதான் வந்தேன். திட்டு. நல்லாத் திட்டு."

துக்கக்காரி வாய் திறந்துவிட்டாள். இனி யார் வேண்டுமானாலும் பேசலாம். எல்லோருடைய கண்ணும் ஹக்காமின்மேல் போனது. அவர் சலீமுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். ஆறு நாளாக வைத்திருந்த சொற்கள் பழக்கத்தால் தாமாகவே புறப்பட்டன.

"பஹியா, மகளே. இது மேலேர்ந்து வந்த தீர்ப்பு. நம்ம கையில என்ன இருக்கு? அன்போட ஏத்துக்கிட்டா..."

"ஹக்காம்," என்றாள் பஹியா. "நாப்பது வருஷம் துணி தொவச்சவ நான். அழுக்குப் போகத்தான் அடிப்பேன். நல்ல துணிய, ஒரு பொட்டு அழுக்கில்லாத துணிய, கிழியிற வரைக்கும் அடிச்சா அதுக்குப் பேரு சலவை இல்ல. எந்த வீட்டுலயும் அடுத்த வாரம் துணி போடமாட்டாங்க. என் தொழில வச்சுப் பாடம் சொல்லாதீங்க இனிமே."

 ஹக்காம் தன் மனைவியைப் பார்த்தார். அங்கிருந்து உதவி வரும் என்று நினைத்தாரோ என்னவோ. லதீஃபா தன் முறுக்கிய விரல்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பேசினாள், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல.

"தன் வலிய அன்போட ஏத்துக்கிறவன் புண்ணியவான்தாங்க. நான் இல்லேங்கல. அடுத்தவ வலிய அன்போட ஏத்துக்கிறவன் கசாப்புக்கடைக்காரன். முப்பது வருஷமா என் வலிய நீங்கதான் ஏத்துக்கிட்டீங்க. ஒங்களுக்குச் சுலபமா இருந்துச்சு."

"நீ ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லலயே, லதீஃபா."

"நீங்க கேக்கலயே. பாடம் முடிச்சு வந்து, இன்னிக்கும் ஒன்னப் பத்தித்தான் சொன்னேன்னு நெத்தியில ஒரு முத்தம் குடுப்பீங்க. அந்த முத்தத்துக்கு ஆசப்பட்டு முழுங்குனேன். எம்மேலயும் தப்புதான். அந்தத் தப்பு இப்ப இவ வீட்டுல வந்து விழுந்திருக்கு."

ஃபொர்ட்டூனா இருந்த இடத்திலிருந்து தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப ஆண்டவன்மேல நம்பிக்க இல்லயாக்கா ஒங்களுக்கு?"

லதீஃபா சிரித்தாள். சிரித்ததிலும் எங்கோ ஒரு மூட்டு வலித்திருக்க வேண்டும், முகம் கோணியது. "நம்பிக்க இல்லாமலா தெனம் காலையில அவரோட சண்ட போடறேன்? புருஷன்காரன் கேக்கக் கூடாத பேச்செல்லாம் அவர் எங்கிட்டக் கேட்டிருக்கார். ஆள் இல்லாத வீட்டுக் கதவ எவடி முப்பது வருஷம் தட்டுவா?"

பஹியா அவளையே பார்த்தாள். கோபம் தணியவில்லை; அப்படி நினைத்துவிடாதீர்கள். லதீஃபாவின் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றுகூட இருந்தது. ஆனால் கோபத்துக்கு இப்போது துணைக்கு ஒருத்தி கிடைத்திருந்தாள். அவள் மெத்தையில் நகர்ந்து பாதி இடம் விட்டாள். லதீஃபாவுக்கு அந்த ஒரு முழத் தூரத்தைக் கடக்க நெடுநேரம் ஆனது. ஒவ்வொரு விரற்கடைக்கும் அவள் கத்தினாள். யாரும் உதவ வரவில்லை, அவள் யாரையும் கூப்பிடவும் இல்லை. வந்து சேர்ந்தபோது இருவருடைய தோளும் இடித்துக்கொண்டன.

அதற்குள் பிற்பகல் ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது. ஏழு நாளும் துக்க வீட்டிலேயே ஜெபம் நடக்கும். பத்து ஆண்கள் சேர வேண்டும். மற்றவர்கள் படியேறி வந்தார்கள், நடந்தது எதுவும் தெரியாமல். முன்னறையில், இடிந்துபோன எங்கள் பழைய கோயில் இருந்த திசையைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். ஹக்காம்தான் முன்னே நின்று தொடங்க வேண்டும். அவர் தொடங்கவில்லை. வாயைத் திறந்தார், மூடினார், பெண்கள் இருந்த பக்கம் திரும்பினார். கையில் இருந்த ஜெபப் புத்தகம் தலைகீழாக இருந்தது. ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆரம்பிங்க ஹக்காம்," என்றாள் பஹியா உள்ளறையிலிருந்து. "ஏன் நிக்கறீங்க? நீங்க அந்தப் பக்கம் புகழுங்க. நாங்க இந்தப் பக்கம் கேக்க வேண்டியதக் கேக்கறோம். ரெண்டும் ஒரே காதுக்குத்தானே போகுது. எது மொதல்ல போய்ச் சேருதுன்னு பாப்போம்."

ஹக்காம் சுவரைப் பார்த்துத் திரும்பினார். அவர் குரல் எடுத்த இடத்திலேயே லதீஃபாவின் குரலும் எடுத்தது. பஹியா மெத்தையைக் கையால் அடித்து அடித்துக் கேட்டாள்: ஏன், எதற்கு, என் பிள்ளை உனக்கு என்ன செய்தாள், முனகக்கூட இல்லையே, அதையாவது பார்த்தாயா. ஆண்கள் தங்கள் ஜெபம் தங்களுக்கே கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தினார்கள். பெண்கள் அதற்கு மேல் உயர்த்தினார்கள். சும்மா உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, பிறகு இன்னொருத்தி, எப்போதோ விழுங்கி வைத்திருந்ததை எடுத்தார்கள். கீழே மண்ணெண்ணெய் வண்டிக்காரன் மணியடிப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தான். சலீம், மனைவியை மண்ணில் வைத்தவன் எழுந்து சொல்ல வேண்டிய துதியைச் சொல்லத் தொடங்கினான்: உன் பெயர் உயர்க, உன் பெயர் பெருகுக. நடுவில் அவன் குரல் உடைந்தது. அந்த இடைவெளியில் உள்ளேயிருந்து பஹியாவின் குரல் வந்தது: "பதில் சொல்லு!" பத்துப் பேரும் ஒரே குரலில் "ஆமேன்" என்றார்கள். துதிக்குச் சொன்னார்களா அவளுக்குச் சொன்னார்களா என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை. ஹக்காம் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றார். அவர் தோள்கள் அசைந்துகொண்டிருந்தன.

அவ்வளவுதான், என் கண்களே. எழுந்து போங்கள், உங்கள் வீட்டு விளக்கு காத்திருக்கும். உங்கள் வாசலில் வண்டி நிற்பது கல்யாணத்துக்காக இருக்கட்டும். உங்கள் ரொட்டி உப்பட்டும், உங்கள் பிள்ளைகள் உரக்கச் சிரிக்கட்டும், அதைவிட உரக்க அழட்டும். உங்கள் வீட்டில் யார் வலிக்கிறது என்று சொன்னாலும், அந்த முதல் வார்த்தையிலேயே எழுந்து ஓடுகிற ஒரு ஆள் உங்களுக்கு எப்போதும் இருக்கட்டும்.